யூத ஜெபஆலயக் கூடத்தில் மரம், செடிகள், மீன்தொட்டி அமைப்பது குறித்து ஆலோசனை வேண்டும்

நிழல்மரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். நகரின் தென்பகுதியில், கடற்கரையை ஒட்டிய ஒரு தனிவீட்டின் கீழ்த்தளத்தையும் மொட்டைமாடியையும் யூதச் சமயத்தைச் சேர்ந்த ஒரு சிறு குழுவினர் வாடகைக்கு எடுத்து வழிபாட்டுக்கும் விருந்துக்கும் குழந்தைகளின் வகுப்புக்கும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். மும்பைப் பக்கத்திலிருந்து வேலை நிமித்தம் வந்து தங்கிவிட்ட பெனே இஸ்ரயேல் குடும்பங்கள் சிலவும் வெளிநாட்டு நிறுவனங்களில் பணிபுரிவோர் சிலரும் சேர்ந்த குழு அது. வெறும் சுவரும் நாற்காலியுமாக இருக்கும் அந்த இடத்திற்குள் பசுமையும் உயிரோட்டமும் வர வேண்டும் என்று விரும்பி என்னை அழைத்திருக்கிறார்கள்.

முதல் வரைபடத்தில் நான் எண்ணியிருப்பது இதுதான். முன்முற்றத்தில் வாசலை ஒட்டி ஒரு நிழல்மரமும், அதன் கிளையில் குழந்தைகளுக்கு ஓர் ஊஞ்சலும். தாழ்வாரத்தில் தொங்கும் தொட்டிகள். அங்கே கைகழுவும் தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை, நம் ஊர் வீடுகளில் செய்வதைப் போலவே, சுவரோரத்து வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடுவது. கூடத்தின் மேற்குச் சுவரில், தோரா என்னும் அவர்களுடைய திருநூலின் சுருள்களுக்கான பேழை இருக்கிறது. அதன் இருபுறமும் ஆள் உயர அரிக்கா பனைகள். பின்னறையில் ஒரு மீன்தொட்டி. மொட்டைமாடியில் கம்பிப் பந்தல் போட்டு, கொடி ஏற்றி, கூடாரப் பண்டிகையின்போது அந்தப் பந்தலையே அவர்கள் கூடாரமாகப் பயன்படுத்திக்கொள்ளும்படி விடுவது.

குழுவினருடன் தங்கியிருக்கும் ராபி, அதாவது யூதச் சமய ஆசான், எவரும் இல்லை. கடினமான கேள்வி எழும்போது வெளியூரில் உள்ள ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களிடம் வரைபடத்தைக் காட்டுவதற்கு முன்பாகவே, அவர்களுடைய நெறிகளுக்குப் பொருந்தாதவை எவை என்று தெரிந்து திருத்திக்கொள்ள விரும்புகிறேன். மரியாதைக்குரிய ஓர் இடத்தில் அழகு என்ற பெயரில் பொருந்தாத எதையும் வைத்துவிடக் கூடாது என்பதே என் கவலை. வரும் வைகாசியில் அவர்களுக்கு வாரங்களின் பண்டிகை வருகிறது என்றும், அப்போது கூடத்தைப் பசுமையால் அலங்கரிப்பது வழக்கம் என்றும் சொன்னார்கள். அதைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொங்கண்கரை எழுதியது:

ஐயா, வணக்கம். நான் பெனே இஸ்ரயேல் குடும்பத்தில் பிறந்து, மணமாகிச் சென்னைக்கு வந்தவள். என் பிள்ளைகள் இங்கேதான் தமிழ் படித்து வளர்ந்தார்கள். நீங்கள் முன்கூட்டியே கேட்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

முதலில் மனத்தில் இருத்த வேண்டியது சாபத் என்னும் ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பு தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை, மண்ணில் வளரும் எதற்கும் நீர் ஊற்றுவது, கிளையை ஒடிப்பது, இலையையோ பூவையோ கிள்ளுவது ஆகியவை எங்களுக்கு விலக்கப்பட்ட வேலைகள். விதைப்பதும் அறுப்பதும் உழவனின் வேலைகள் என்பதால், சிறு தொட்டியில் நிற்கும் ஒரு துளசிக்கும் அந்த விலக்கு பொருந்தும். ஆனால் அந்த நாளில்தான் கூடத்திற்கு மிக அதிகமானவர்கள் வருவார்கள். ஆகவே தோட்டம் அமைக்கும்போதே, அந்த ஒரு நாளில் மனிதக் கை படாமல் அது தானாக நிற்கும்படி திட்டமிட வேண்டும்.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், உங்கள் திட்டத்தில் நான் உடனே மாற்றச் சொல்வது கைகழுவும் தொட்டியின் நீரைத்தான். உணவுக்கு முன் கைகளில் நீர் ஊற்றிக் கழுவுவது எங்களுக்குக் கட்டாயமான சடங்கு. ஓய்வுநாளில் அந்த நீர் நேராக வாழைப் பாத்திக்குப் போனால், கை கழுவுகிற ஒவ்வொருவரும் செடிக்கு நீர் பாய்ச்சியவராகிவிடுவார். புல்வெளியில் அமர்ந்து உண்பவர்கள் ஓய்வுநாளில் புல்லின்மேல் கை கழுவக் கூடாது என்று எங்கள் சட்ட நூல்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. குழாயில் ஒரு திருப்பு வால்வு வைத்து, வெள்ளிக்கிழமை பிற்பகலில் நீர் சாக்கடைக்குப் போகும்படி மாற்றிவிட்டால் போதும். வார நாட்களில் வாழைக்கே போகட்டும்.

நீர் பாய்ச்சுவதற்கு நேரக்கருவி பொருத்திய சொட்டுநீர்க் குழாய் வைக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை இருள்வதற்கு முன்பு தோட்டத்திற்குள் நீரைத் திறந்துவிட்டால் அது மறுநாள் முழுவதும் தானாகப் பாய்ந்துகொண்டிருக்கலாம் என்று, தல்மூத் என்னும் எங்கள் பழைய சட்ட விவாத நூலிலேயே அனுமதி இருக்கிறது. கருவியை முன்பே இயக்கி வைத்துவிட்டு ஓய்வுநாளில் அதைத் தொடாமல் இருந்தால் சரி.

தொட்டிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடியில் துளையுள்ள தொட்டியை எங்கள் சட்டம் ஏறத்தாழ மண்ணோடு ஒட்டியதாகவே கருதுகிறது. ஓய்வுநாளில் அதைத் தரையிலிருந்து தூக்கி ஒரு தாங்கியின்மேல் வைப்பதுகூட, செடியை மண்ணிலிருந்து பிரித்ததற்கு ஒப்பாகிவிடும். துளையில்லாத தொட்டியானாலும் நகர்த்தாமல் விடுவதே நல்லது. வழிபாடு முடிந்ததும் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு மேசை போடுவார்கள் என்பதால், அந்த நேரத்தில் எந்தத் தொட்டியும் இடையூறாக நின்று, யாராவது பழக்கத்தில் அதை நகர்த்த நேரும் நிலை வரக் கூடாது. தாழ்வாரத்தில் தொங்கும் தொட்டிகளின் கொடிகள் தலையில் படும் உயரத்தில் இருந்தால், நடக்கும்போது இலை உதிர்ந்துவிடுமோ என்று எங்கள் பெரியவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போவார்கள். அவற்றைச் சுவரோரமாக உயர்த்திவிடுங்கள். புல்தரையில் நடப்பதற்குத் தடை இல்லை.

ஊஞ்சலை மரக்கிளையில் கட்ட வேண்டாம். ஓய்வுநாளில் மரத்தில் ஏறுவதும், அதில் எதையாவது தொங்கவிடுவதும், அதன்மேல் முழுவதுமாகச் சாய்வதும் கூடாது. குழந்தைகளுக்குத் தனியாக இரும்புச் சட்டத்தில் ஊஞ்சல் அமைத்தால் எல்லா நாளும் ஆடலாம்.

மொட்டைமாடிப் பந்தலில் கொடி ஏற்றுவது அழகுதான். ஆனால் அதைக் கூடாரப் பண்டிகைக்கான கூடாரமாகப் பயன்படுத்த இயலாது. கூடாரத்தின் கூரை மண்ணில் முளைத்ததாகவும், அதே நேரம் மண்ணிலிருந்து வெட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். உயிரோடு நிற்கும் திராட்சைக் கொடியையோ சுரைக் கொடியையோ கூரையாகப் படரவிட்டால் அது செல்லாது என்பது, தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னாவின் விதி. மரத்தின் கிளை மேலே கவிந்திருக்கும் இடமும் கூடாது. ஆகவே மாடியில் வானம் முழுவதுமாகத் தெரியும் ஒரு பகுதியைக் காலியாகவே விட்டுவைத்தால், புரட்டாசி, ஐப்பசியில் தென்னை மட்டைகளை வெட்டி வந்து நாங்களே கூரை போட்டுக்கொள்வோம். பின்னாத பச்சை மட்டையே போதும். சென்னையில் அதற்குக் குறைவில்லை.

மணமுள்ள செடிகளை நிறைய வையுங்கள். நறுமணத்தை முகர்வதற்கு முன் சொல்லும் ஆசிமொழிகள் எங்களுக்கு உண்டு. மல்லிகை போன்ற மரத்தன்மையுள்ள செடிக்கு ஒன்று, மென்மையான பூண்டுகளுக்கு வேறொன்று. செடியில் இருக்கும் பூவை ஓய்வுநாளிலும் குனிந்து முகரலாம். ஆனால் மரத்தில் தொங்கும் எலுமிச்சை போன்ற உண்ணத்தக்க கனியை அன்று முகரக் கூடாது. பறித்துத் தின்னத் தோன்றிவிடும் என்பதே காரணம். கொங்கண் பகுதியில் நாங்கள் நடத்தும் மலீதா என்னும் நன்றிச் சடங்கில் அவல், தேங்காய், பழங்கள் நிறைந்த தட்டைச் சுற்றி அமர்ந்து, எலியா தீர்க்கதரிசியை நினைந்து பாடுவோம். அந்தத் தட்டுக்கு முன்னால் தோட்டத்து மல்லியின் மணமும் இருந்தால், சென்னையில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு ஊரும் ஒன்றாகிவிடும் என்று நினைக்கிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

கல்லூரியில் சமயங்களின் ஒப்பாய்வைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், மரத்தைப் பற்றியும் பேழையருகே பனை வைப்பதைப் பற்றியும் சிறிது விரிவாக எழுத விரும்புகிறேன். அம்மையார் தொடாமல் விட்ட பகுதி அதுதான்.

உபாகமம் 16:21-இல், ஆண்டவரின் பலிபீடத்தின் அருகே எந்த மரத்தையும் நாட்டக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. கானான் நாட்டு வழிபாட்டில் புனித மரங்களும் தோப்புகளும் பெற்றிருந்த இடமே இதன் பின்னணி. 12-ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிதிஸ் இதை எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்திற்கும் முற்றத்திற்கும் உரிய விலக்காகத் தொகுத்தார். ஆலயம் பொ.ஆ. 70-இல் அழிந்தபின், ஊர்தோறும் உள்ள ஜெபஆலயங்களுக்கும் இது பொருந்துமா என்ற விவாதம் எழுந்தது. ஜெபஆலய முற்றத்தில் மரம் நடுவதற்கு எதிரான கருத்தை அகிவா எகர் (1761–1837) என்னும் பெரும் அறிஞர் எடுத்துக்காட்டியிருக்கிறார். பின்வந்தவர்களில் சிலர் அவரைப் பின்பற்றினர்; பலிபீடம் இல்லாத இடத்திற்கு அந்த விலக்கு இல்லை என்று கருதி அனுமதித்தவர்களும் உண்டு. கட்டடத்தின் வாசலை ஒட்டி, அழகுக்காகவே நடப்படும் மரம்தான் இவ்விவாதத்தின் மையம் என்பதால், உங்கள் நிழல்மரத்தை வாசலிலிருந்து விலக்கித் தெருமதிலை ஒட்டி நட்டால், கடுமையான கருத்துடையவர்களும் மனம் ஒப்பி வர முடியும். இறுதி முடிவை அவர்களுடைய ராபியிடம் விடுவதே முறை.

பேழையின் இருபுறமும் பனை நிறுத்துவதை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். மேற்கண்ட கட்டளையின் நிழல் அங்கே விழுகிறது. அதுமட்டுமன்றி, செபிக்கும்போது கண்ணை ஈர்க்கும் சித்திர வேலைப்பாடுகள் எதிரே இருக்கக் கூடாது என்பதும், செபிப்பவருக்கும் சுவருக்கும் இடையே தடை ஏதும் இருக்கலாகாது என்பதும் அவர்களுடைய நெறிகள். சென்னையிலிருந்து எருசலேம் மேற்குத் திசையில் இருப்பதால் எல்லோரும் அந்தச் சுவரை நோக்கியே நிற்பார்கள். அந்தச் சுவரை வெறுமையாக விட்டு, பக்கச் சுவர்களிலும் பின்புறத்திலும் செடிகளை வையுங்கள்.

வாரங்களின் பண்டிகைக்கு வருகிறேன். சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாளாக அது கொண்டாடப்படுகிறது. அந்த மலைக்கு எதிரே ஆடுமாடுகள் மேயக் கூடாது என்று யாத்திராகமம் 34:3 சொல்வதால், பாலைவனத்து மலையில் அன்று புல் முளைத்திருந்தது என்று உரைகாரர்கள் விளங்கிக்கொண்டனர். அந்த மகிழ்ச்சியின் நினைவாக ஜெபஆலயத்திலும் வீடுகளிலும் புல்லைப் பரப்பும் வழக்கத்தை 16-ஆம் நூற்றாண்டில் கிராக்கோ நகரத்து ராபி மோசஸ் இசெர்லெஸ் பதிவு செய்தார். மரக்கிளைகளையும் நிறுத்திவைக்கும் வழக்கத்தைப் பின்னர் ராபி ஆபிரகாம் கொம்பினர் குறிப்பிட்டார். மரங்களின் கனிகளுக்கு அன்று தீர்ப்பு வழங்கப்படுகிறது என்று மக்கள் நினைவுகொள்வதற்காக என்பது அவர் தந்த விளக்கம். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் வில்னா நகரத்துப் பேரறிஞர் எலியா, அண்டைக் கிறித்தவர்களும் தம் திருநாளில் மரங்களை நிறுத்திவைக்கிறார்கள் என்பதால் அந்த வழக்கத்தைக் கைவிடச் செய்தார். இன்று சில சபைகளில் பசுமை நிறைந்திருக்கும். சிலவற்றில் ஒரு கிளைகூட இருக்காது. இந்தக் குழுவில் பல ஊரார் இருப்பதால், யாருடைய மரபைப் பின்பற்றுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாழடைந்த ஜெபஆலயத்தில் புல் முளைத்தால் அதைப் பிடுங்கக் கூடாது என்று மிஷ்னா சொல்கிறது. காண்பவர் மனம் நோக வேண்டும், அந்த நோவிலிருந்து இடத்தைச் சீரமைக்கும் எண்ணம் பிறக்க வேண்டும் என்பதற்காக. கல்லறை நிலத்தில் கால்நடை மேய்க்கவோ புல் அறுத்துப் பயன்கொள்ளவோ கூடாது என்பது தல்மூத். வைரமும் பவளமும் வாங்கி விற்க 17-ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகல் வழிவந்த யூத வணிகர்கள் இந்நகருக்கு வந்தார்கள். பவழக்காரத் தெரு என்ற பெயர் இன்றும் இருக்கிறது, லாயிட்ஸ் சாலைப் பக்கம் அவர்களுடைய சிறிய கல்லறை நிலமும் இருக்கிறது. அந்த நிலத்தில் தோட்டம் அமைக்கும் ஆர்வத்தில் யாரேனும் உங்களை அணுகினால் இந்த விதிகளை நினைவில் வையுங்கள். கல்லறைகளின்மேல் கிளை கவியும் மரம், இறந்தோரின் தீட்டைத் தவிர்க்க வேண்டிய ஆசாரியக் குலத்தவர் அந்தப் பக்கம் நடப்பதற்கே தடையாகிவிடும்.

மாடித்தோட்டம் எழுதியது:

சமய நெறிகளை மற்றவர்கள் விளக்கிவிட்டார்கள். செடிகளின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை நீர் இல்லாமல் நிற்பது எந்தச் செடிக்கும் பெரிய சோதனை அன்று. ஆனால் சித்திரை, வைகாசிக் கத்திரி வெயிலில், கடற்காற்று வீசும் தாழ்வாரத்தில், சிறிய தொட்டிகள் ஒரே நாளில் காய்ந்துவிடும். எனவே சிறு தொட்டிகள் பலவற்றுக்குப் பதிலாகப் பெரிய தொட்டிகள் சிலவற்றை வைத்து, மண்கலவையில் தென்னை நார்க்கழிவைக் கூட்டி, மேலே சருகு மூடாக்குப் போடுங்கள். கூடத்திற்குள் மருள் இனத்தைச் சேர்ந்த பாம்புச்செடியும் மணிபிளான்ட்டும் வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். சொட்டுநீர்க் குழாயின் துளைகள் அதனால் அடைத்துக்கொள்ளும். வியாழக்கிழமையே ஒருமுறை சோதித்துவிட்டால், வெள்ளி மாலையில் பதற்றம் இராது.

தொட்டிகளின் அடியில் வைக்கும் தட்டுகளைப் பற்றி நான் வலியுறுத்திச் சொல்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்து உலர்த்துவதை ஓய்வுநாள் ஆயத்தத்தின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டால், ஒரு வாரமும் தவறாது. குழந்தைகள் கூடும் இடத்தில் இதைவிட முக்கியமான தோட்ட வேலை வேறு இல்லை.

அரளியை எங்கும் வைக்க வேண்டாம். அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. மதிலோர மரத்திற்குக் கொன்றை, குல்மோகர் வகைகளை நாடாமல் மகிழமோ புங்கையோ நடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் இந்நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாடகை வீட்டின் மதிலும் பக்கத்து வீட்டுக் கூரையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

பண்டிகைக்கு அலங்காரம் வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தால், வெட்டிய தழைகள் வைகாசி வெயிலில் சில மணி நேரத்தில் துவண்டுவிடும் என்பதால், தொட்டிச் செடிகளை முந்தின நாளே கொண்டுவந்து அடுக்கிவிடுவதே நல்லது. வெட்டிவேர்த் தட்டிகளைச் சன்னலில் தொங்கவிட்டு, பண்டிகை தொடங்குமுன் நனைத்துவிட்டால் கூடம் முழுவதும் மணக்கும்.

நிழல்மரம் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மரத்தை மதிலோரத்திற்கு மாற்றி, மேற்குச் சுவரை வெறுமையாக விட்டு, கைகழுவும் குழாய்க்குத் திருப்பு வால்வு சேர்த்து, மாடியில் கால்பகுதியைத் திறந்தவெளியாக ஒதுக்கி, வரைபடத்தைப் புதிதாகப் போட்டுவிட்டேன்.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முற்றத்தில் கனிமரமும் வேண்டும் என்று குழுவில் இருக்கும் ஒரு பாட்டி ஆசைப்படுகிறார், எதை நடலாம்? மீன்தொட்டியை யாரும் மறுக்கவில்லை என்பதால் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அடுத்த மாதம் முதல் கூடத்திற்கு வரப்போகும் பார்வையற்ற ஒருவர் தம் வழிகாட்டி நாயுடன் வருவார் என்றும், அதை உள்ளே அனுமதிக்கலாமா என்று அவர்களுக்குள்ளேயே தயக்கம் இருக்கிறது என்றும் அறிகிறேன். நாய்க்கான இடத்தையும் நான் வரைபடத்தில் காட்ட வேண்டியிருக்கிறது.

கொங்கண்கரை எழுதியது:

அந்தப் பாட்டியின் ஆசையை அவசியம் நிறைவேற்றுங்கள், ஐயா. நிசான் மாதத்தில், அதாவது ஏறத்தாழப் பங்குனி, சித்திரையில், கனிமரங்கள் பூத்திருப்பதைக் கண்டு ஆண்டுக்கு ஒருமுறை சொல்லும் ஆசிமொழி ஒன்று எங்களுக்கு இருக்கிறது. இரண்டு மரங்களாவது ஒன்றாக இருக்கும் இடத்தில் சொல்வது சிறப்பு. மாநகரத்தில் அப்படி ஓர் இடம் தேடி அலைவதற்குப் பதிலாகச் சபையின் முற்றத்திலேயே ஓர் எலுமிச்சையும் ஒரு மாதுளையும் நின்றால், எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். மாமரம் பெரும்பாலும் தை, மாசியிலேயே பூத்துவிடும் என்பதால் இதற்கு அவ்வளவாக உதவாது. ஷ்வாத் மாதத்துப் பௌர்ணமியில் வரும் மரங்களின் புத்தாண்டையும் அந்த முற்றத்திலேயே கொண்டாடலாம். 2024-இல் அதுவும் தைப்பூசமும் ஜனவரி 25 அன்று ஒன்றாகவே வந்தன. அன்று எங்கள் தெருவில் காவடி போய்க்கொண்டிருக்க, உள்ளே நாங்கள் பழத்தட்டுடன் அமர்ந்திருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கனிமரத்திற்கு இரண்டு விதிகள். நட்ட மரத்தின் முதல் மூன்று ஆண்டுக் கனிகளை உண்ணக் கூடாது என்று லேவியராகமம் 19:23 சொல்கிறது. இஸ்ரயேலுக்கு வெளியிலும் இது எங்களைக் கட்டுப்படுத்தும். அந்தக் கனிகளை விற்கவோ பிறருக்குக் கொடுத்துப் பயன்பெறவோ கூடாது. ஆகவே ஒவ்வொரு கன்றையும் மண்ணில் ஊன்றிய நாளை ஒரு தகட்டில் எழுதி மரத்தருகே வைத்துவிடுங்கள். ஆண்டுக் கணக்கை ராபி பார்த்துச் சொல்வார். இரண்டாவதாக, ஓர் இனத்தின்மேல் வேறோர் இனத்தை ஒட்டிய கன்று எங்களுக்கு ஆகாது. நாற்றுப் பண்ணையில் எலுமிச்சை வாங்கும்போது விதைக் கன்றா, பதியனா, ஒட்டுக் கன்றா என்று கேட்டு, முதல் இரண்டில் ஒன்றை வாங்குங்கள். பப்பாளியைப் பற்றியும் யாரேனும் கேட்பார்கள். விரைவிலேயே காய்த்து, சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும் அதை மரமாகக் கொண்டால் அதன் கனியில் பெரும்பகுதியை உண்ணவே முடியாது; பக்தாத் நகரத்து யோசேப் ஹாயிம் (1835–1909) அதை மரமாகக் கருதாமல் அனுமதித்திருக்கிறார்.

மீன்தொட்டி பொருந்தும். எர்ணாகுளத்துச் சந்தைப் பகுதியில் உள்ள கடவும்பாகம் ஜெபஆலயத்தில் ஒழுங்கான வழிபாடு நின்றுபோன பின், அதன் பராமரிப்பாளர் முன்பகுதியில் செடிகளும் வண்ணமீன்களும் விற்று, அந்த வருவாயோடு பழைய கட்டடத்தையும் பல ஆண்டுகள் காத்துவந்தார். மீன்தொட்டிகளைக் கடந்துதான் உள்ளே பேழையைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. நம் உணவை நம்பியிருக்கும் உயிருக்கு ஓய்வுநாளிலும் தீனி போடலாம். நாம் உண்பதற்கு முன்பே அதற்குப் போட வேண்டும் என்பது தல்மூதின் நெறி. நம்மை நம்பியிராத காக்கை, புறாக்களுக்கு அன்று தீனி வைப்பதில்லை. எனவே மாடியில் பறவைகளுக்குத் தட்டு வைப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே நிரப்பிவிடுங்கள். தொட்டியின் விளக்கும் காற்றுக்குழாயும் நேரக்கருவியில் இயங்கட்டும்.

மீன்தீனியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடையில் விற்கும் தீனி பலவற்றில் கோதுமை மாவு சேர்கிறது. பஸ்கா பண்டிகை நாட்களில் புளிக்கக்கூடிய தானிய உணவு எதுவும் எங்கள் உடைமையில் இருக்கலாகாது, மீனுக்கும் அதைப் போடலாகாது. அந்த எட்டு நாட்களுக்கும் உலர்ந்த புழு, உறையவைத்த இறால் போன்ற தானியம் கலவாத தீனியை முன்பே வாங்கி வைக்கும்படி, தொட்டியைப் பராமரிப்பவரிடம் சொல்லிவையுங்கள். கிளி வளர்க்கலாமா என்று குழந்தைகள் கேட்டால், நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

வழிகாட்டி நாயைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான முன்னோடித் தீர்ப்பு இருக்கிறது. பார்வையற்ற ஒருவர் தம் நாயுடன் ஜெபஆலயத்திற்குள் வரலாமா என்று கேட்கப்பட்டபோது, நியூயார்க்கில் வாழ்ந்த ராபி மோஷே ஃபைன்ஸ்டைன் (1895–1986), 1953-இல் அனுமதித்து எழுதினார். சிறிதளவு தோரா கற்ற ஒருவர் ஊருக்கு வந்தாலும் அவரையும் அவருடைய கழுதையையும் உடைமைகளையும் ஏற்றுக்கொள்ளும்படி ஜெபஆலயப் பொறுப்பாளர்களுக்கு ஓர் ஆசிரியர் சொன்னதாக எருசலேம் தல்மூதில் வரும் செய்தியை அவர் சான்றாகக் கொண்டார். கழுதைக்கே இடம் உண்டு என்றால், நாய் இல்லாமல் வழிபாட்டுக்கே வர முடியாத ஒருவரைத் தடுப்பது எப்படி நியாயமாகும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். மறுத்து எழுதிய அறிஞர்களும் இருந்தார்கள். எனினும் இன்று பல சபைகள் இந்தத் தீர்ப்பையே பின்பற்றுகின்றன. தனிமனிதரின் மதிப்பை இவ்வளவு உயர்த்திப் பிடித்த அந்தத் தீர்ப்பை நான் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடமாக வைத்திருந்தேன்.

ஃபைன்ஸ்டைன் சொன்ன ஒரு நடைமுறையை உங்கள் வரைபடத்தில் அப்படியே காட்டலாம்: மற்றவர்களின் கவனம் கலையாதபடி அவர் வாசலுக்கு அருகே அமர்வது நல்லது. வாசலை ஒட்டிய கடைசி வரிசையின் ஓரத்தில், மின்விசிறியின் கீழ், நாய் படுப்பதற்கேற்ற அகலத்தில் தரையை விட்டுவிடுங்கள். அதன் அருகே மணிபிளான்ட் இருக்க வேண்டாம். அதைக் கடித்தால் நாய்க்கு வாயில் எரிச்சலும் வாந்தியும் வரும். முற்றத்து மதிலோரத்தில், வாழைப் பாத்திக்கு எட்டாத இடத்தில், அதற்கான நீர்ப்பாத்திரத்தை வைக்கலாம். வழிகாட்டி நாயைப் பணியில் இருக்கும்போது தட்டிக்கொடுக்கவோ அழைக்கவோ கூடாது என்பதைக் குழந்தைகளின் வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவிடும்படி அந்தக் குழுவினரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.